பாகைக்கு நான்கு நிமிடம்

இந்நேரம் சக்கரங்கள் ஓடுதளத்தை விட்டு எழுந்திருக்க வேண்டும். புறப்பாடு பதினொன்று முப்பது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான்காம் பாடவேளைக்கு மணி அடித்துச் சற்று நேரமாகிறது. ஆகவே பதினொன்று முப்பத்தைந்துக்குக் குறையாது. கடிகாரத்தைப் பார்க்கலாம் என்றால் அது எதிர்ச்சுவரில் இருக்கிறது. நானோ ஆறு நாளாகக் குப்புறப் படுத்திருக்கிறேன். நெற்றிக்கு வளையத் தலையணை, மார்புக்கு இன்னொன்று, கட்டிலின் விளிம்பைத் தாண்டி நீட்டிய தலை, முகத்துக்கு நேர் கீழே மொசைக் தரை. திருச்சியில் இருப்பவர்கள் எல்லாரும் விரும்பினால் அண்ணாந்து அந்த விமானத்தைப் பார்க்கலாம். எனக்கு வாய்த்த உலகம் இரண்டடிச் சதுரம். இடது கண்ணின் விழித்திரை கழன்றுகொண்டது. அதை மறுபடி ஒட்டவைத்து, ஒட்டியது விலகாமலிருக்கக் கண்ணுக்குள் வாயுவை அடைத்திருக்கிறார்கள். வாயுக்குமிழி மேலே எழும். அது பின்பக்கத்து விழித்திரையை அழுத்த வேண்டுமானால் முகம் கீழே இருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் இயற்பியல். விமானம் ஏறினால் காற்றழுத்தம் குறைந்து குமிழி விரிந்து பார்வையே போய்விடும் என்று மருத்துவர் விளக்கத் தொடங்கியபோது, உயரம் கூடக்கூட அழுத்தம் எவ்வளவு குறையும் என்பதை அவருக்கு நானே சொன்னேன். "நீங்க டீச்சரா?" என்று கேட்டார். தலைமையாசிரியை என்று திருத்தினேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் புவியியல், அதில் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமை. அவர் தலையை ஆட்டிவிட்டு, அப்படியானால் தலைமையாசிரியை ஏழு நாள் குப்புறப் படுக்க வேண்டும், ஆறு வாரம் தரையிலேயே இருக்க வேண்டும் என்றார். தரையில்தான் இருக்கிறேன். மொசைக் கற்கள் கருப்பும் பழுப்புமாகத் தீவுக்கூட்டம் போலச் சிதறிக் கிடக்கின்றன. வலது கண்ணால் பார்த்தால் தீவுகள். இடது கண்ணைத் திறந்தால் எல்லாவற்றின் மேலும் ஒரு வட்டமான நீர்த்துளி ஆடுகிறது. தலையை ஓர் இழை சாய்த்தால் அதுவும் சாய்கிறது. கொத்தனாரின் ரசமட்டத்தில் இருக்கும் குமிழி மாதிரி இருக்குமா என்று என் கணவர் கேட்டார். அப்படியேதான் இருக்கும் என்றேன். "அப்ப நீ மட்டமாத்தான் படுத்திருக்கேன்னு உனக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு, தன் கேலி தனக்கே பிடித்துப்போய்த் தனியாகச் சிரித்தார். அவர் சிரிக்கும்போது வலது கை இன்னும் கொஞ்சம் வேகமாக நடுங்கும். நான் அதைப் பார்க்கவில்லை, நாற்காலியின் கைப்பிடியில் மோதிரம் தட்டும் ஒலியைக் கேட்டேன்.

அந்த மோதிரம் இப்போது கடலுக்கு மேலே தட்டிக்கொண்டிருக்கும். கடல் வந்திருக்குமா? இல்லை, கரையைத் தாண்ட இன்னும் சில நிமிடங்கள் ஆகலாம். இரண்டு இருக்கைகள் வாங்கியிருந்தோம். என்னுடையதில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள், அந்த யாரோ என் கணவரின் கையைப் பார்த்துவிட்டுப் பார்க்காத பாவனையில் இருப்பார்கள். சிவக்கொழுந்து, எழுபத்து மூன்று வயது, ஓய்வுபெற்ற அரசு சர்வேயர், நான்கு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய். அவருக்கு இது முதல் விமானப் பயணம். நீ இல்லாம நான் மட்டும் எதுக்கு மங்கை என்று மூன்று நாள் முரண்டு பிடித்தார். "நான் எங்கயும் ஓடிட மாட்டேன், ஓடினாலும் குப்புறத்தான் ஓடணும், போயிட்டு வாங்க" என்றேன். போகத்தான் வேண்டும். மகள் தேன்மொழி பதினோரு மாதங்களுக்கு முன்பு சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பா நடக்கிறப்பவே ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும்மா என்று தொலைபேசியில் சொன்னாள். "நடக்கிறப்பவே" என்பதை மெதுவாகத்தான் சொன்னாள்; ஆனாலும் சொன்னாள். நானும் அவளும் ஒரே அறிக்கையைப் படித்தவர்கள், ஒரே மருத்துவரின் வாயைப் பார்த்தவர்கள். அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் அதே வாயால், பயணச்சீட்டு எடுக்கும்போது, சக்கர நாற்காலிக்கும் பதிவு செய்துவிடுகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். விமான நிலையத்தில் ரொம்ப தூரம்மா, அவரால முடியாதும்மா. வேண்டாம் என்றேன். நடக்கும்போதே பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டவள், நடந்து வருபவரைத்தான் பார்க்க வேண்டும். மாத்திரை உரிய நேரத்தில் உள்ளே போனால் அவர் நடப்பார். அந்த உரிய நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் பெருமூச்சு விட்டது கேட்டது. அந்தப் பெருமூச்சை அவள் என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாள். பள்ளியில் பெற்றோர்களைப் பார்த்து நான் விடுவது அது.

மாத்திரை மஞ்சள் நிறம். உள்ளே போய் முக்கால் மணி நேரத்தில் கால்கள் திறக்கும். மூன்றரை மணி நேரம் கழிந்தால் மெல்ல மூடத் தொடங்கும். இதற்கு மருத்துவப் பெயர் உண்டு. எங்கள் வீட்டில் அதன் பெயர் கடை திறப்பது, கடை மூடுவது. கடை மூடிய பிறகு அவரை எழுப்பி நிறுத்த இரண்டு பேர் வேண்டும். நிறுத்தினாலும் நிலைப்படியைக் கண்டால் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வழக்கமாக ஏழு, பதினொன்று, மூன்று, ஏழு. இந்தப் பயணத்துக்கு அது ஒத்துவராது என்று நான்தான் முடிவு செய்தேன். இறங்கும்போதும், நீண்ட தாழ்வாரத்திலும், கடவுச்சீட்டுக்கு வரிசையில் நிற்கும்போதும் கடை முழுதாகத் திறந்திருக்க வேண்டும். ஆகவே தரையிறங்குவதற்குச் சரியாக ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை. கட்டிலுக்குக் கீழே தாளை வைத்து, கையைத் தொங்கவிட்டு, ஒற்றைக் கண்ணால் எழுதினேன்: ஏழு ஐம்பது, பதினொன்று ஐம்பது, மூன்று ஐம்பது, கைக்கடிகாரத்தை மாற்றக் கூடாது. அவர் பயணச்சீட்டிலிருந்து எனக்குப் படித்துக் காட்டியது இரண்டே நேரங்கள்: இங்கே புறப்பாடு பதினொன்று முப்பது, அங்கே சேர்வது அவர்கள் மணிக்கு மாலை ஆறே கால். மீதியை நானே போட்டேன். போனில் தட்டினால் வந்துவிடும் என்று நாத்தனார் வல்லி சொன்னாள். தட்டினால் வருவதை நம்புவதற்கு நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பாடம் நடத்தவில்லை. சிங்கப்பூர் நூற்று நான்காம் தீர்க்கரேகை. இந்திய மணிக்குரிய தீர்க்கரேகை எண்பத்திரண்டரை. வித்தியாசம் இருபத்தொன்றரைப் பாகை, பாகைக்கு நான்கு நிமிடம், எண்பத்தாறு நிமிடம். ஆறே முக்கால் மணியிலிருந்து அதைக் கழித்தால் பறக்கும் நேரம் ஐந்து மணி பத்தொன்பது நிமிடம். தூரத்தையும் போட்டேன், தலைக்குள்ளேயே, கோளத்தின் மீது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று கிலோமீட்டர்.  "யார் சங்கிலி பிடிச்சு அளந்தா?" என்று அவர் கேட்டார். அவர் தம் வாழ்நாளில் சங்கிலி போட்டு அளக்காத எந்தத் தூரத்தையும் முழுதாக ஒப்புக்கொண்டதில்லை. அப்புறம், "மூவாயிரத்தை அஞ்சே காலால வகுத்தா அறுநூறுகூட வரலையே, விமானம் அவ்வளவு மெதுவாவா போகும்?" என்றார். எதிர்க்காற்று இருக்கும் என்றேன். சரி என்றார். சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைக்கும் ஒலி கேட்டது. மடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது, நான் உதவவில்லை, உதவினால் அவருக்குப் பிடிக்காது.

பதினொன்று ஐம்பது ஆகியிருக்கும். விழுங்கியிருப்பார். தண்ணீர் கேட்கக் கூச்சப்படுவார், கேட்டிருப்பார், சீட்டில் இருக்கிறதே. நாற்பத்தைந்து ஆண்டுகளில் நான் எழுதிக்கொடுத்த ஒன்றை அவர் செய்யாமல் விட்டதில்லை. மற்றபடி என் பேச்சைக் கேட்டு நடந்தவர் என்று சொல்ல முடியாது. திருமணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் மாதம் மூன்று வீடுகள் பார்த்தோம். உறையூரில் இருப்பது பள்ளிக்கு அருகே என்றேன். வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது. மறுநாள் அதிகாலையில் எழுந்து மூன்று வீடுகளிலிருந்தும் பள்ளி வாசல் வரை அவர் நடந்து பார்த்துவிட்டு வந்தார். அவருடைய எட்டு ஒன்று துல்லியமாக இரண்டரை அடி. துறையில் அதற்காகவே அவருக்குப் பெயர். வரைபடத்தில் தூரமாக இருந்த வீடுதான் நடந்து பார்த்தால் இருநூறு அடி குறைவு, நடுவிலே ஒரு சந்து இருக்கு, உன் வரைபடத்துல சந்து இல்லை என்றார். அந்த வீட்டில் பதினாறு ஆண்டுகள் இருந்தோம். ஒருநாளும் நான் அவர் சொன்னது சரி என்று சொல்லவில்லை. ஒருநாளும் அந்தச் சந்து வழியாக அல்லாமல் பள்ளிக்குப் போனதுமில்லை. அவருக்கு அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும். போன ஆண்டு கூடத்திலிருந்து குளியலறை வரை தரையில் வெள்ளை நாடாப் பட்டைகள் ஒட்டினேன், ரயில் தண்டவாளக் கட்டைகள் மாதிரி. கோட்டைக் கண்டால் அதைத் தாண்ட அவர் கால் எழும்புகிறது, வெறும் தரையில் எழும்பவில்லை, ஏன் என்று மருத்துவருக்கே முழுதாகத் தெரியாது. எவ்வளவு இடைவெளி விட என்று கேட்டேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து காட்டி, அளவுகோலை வைத்துப் பார்த்து, "ஒன்பது அங்குலம்" என்றார். துறைக்கு அறிக்கை கொடுக்கிற அதே குரல். நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய் நாடா வெட்டினேன். நாடாவை அங்கேயே, அவர் முன்னாலேயே வெட்டியிருக்கலாம்.

விமானத்தின் தரையில் பட்டைகள் கிடையாது. இருக்கை வரிசைகள் இருக்கின்றன. அவற்றை எண்ணிக்கொண்டு நடக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். வரிசைக்கு மூன்று எட்டு. கதவருகே ஒரு விளிம்பு வரும், விமானத்தின் வாசலுக்கும் இணைப்புப் பாலத்துக்கும் நடுவே, அங்கேதான் ஒட்டிக்கொள்வார். பின்னால் இருநூறு பேர் நிற்பார்கள். யாராவது தோளைத் தொடுவார்கள், தொட்டால் விழுவார். இல்லை, கடை திறந்திருக்கும். மூன்று ஐம்பது மாத்திரை நான்கு முப்பத்தைந்துக்கெல்லாம் வேலை செய்யும், நான்கு ஐம்பதுக்குத் தரையிறக்கம், பதினைந்து நிமிட இடைவெளி போதும். போட்ட கணக்கையே திரும்பப் போடுகிறேன். இது அச்சத்தின் அறிகுறி. பரீட்சைக் கூடத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இதைச் செய்வார்கள், விடையை எழுதி முடித்துவிட்டு மறுபடி முதல் வரிக்குப் போவார்கள். பேனாவைக் கீழே வை என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். பேனா என் கையில் இல்லை. கழுத்து வலிக்கிறது. தரையில் ஓர் எறும்பு பழுப்புத் தீவிலிருந்து கருப்புத் தீவுக்குப் போகிறது. நேர்கோட்டில் போகவில்லை, வளைந்து போகிறது. வரைபடத்து நேர்கோடு நிஜத்தில் குறுக்குவழி அல்ல என்று அதற்குத் தெரியும் போலிருக்கிறது.

மதிய இடைவேளை முடிந்து மணி அடித்த பிறகு வல்லி வந்தாள். வல்லி அவருடைய தங்கை; முழுப்பெயர் அபிராமவல்லி; இந்த ஏழு நாளுக்காகத் தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கிறாள்; என்னைக் கேலி செய்யும் உரிமை உலகத்தில் தனக்கு மட்டும்தான் என்று நாற்பத்தைந்து ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருப்பவள். தட்டைத் தரையில் என் முகத்துக்குக் கீழே வைத்தாள். "சாப்பாடு வந்திருக்கு அண்ணி. குனியவே வேண்டாம், உங்களுக்குன்னே அமைஞ்சு போச்சு." ரசம் சோறு என்று தெரிந்தது. கரண்டியால் கொடுக்கத் தொடங்கினாள். எனக்கே சாப்பிடத் தெரியும் என்றேன். "தெரியும், தெரியும். மூக்கு வழியா சாப்பிடறதை நேத்தே பாத்தேன்." பத்து நிமிடம் எழுந்து உட்கார அனுமதி உண்டு, தலை குனிந்தபடி. உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். "அண்ணன் இப்ப கடலுக்கு நடுவுல இருக்கு அண்ணி, இங்க பாருங்க, சின்ன மஞ்சள் விமானம் ஒண்ணு ஊர்ந்துக்கிட்டே போகுது" என்றாள். பார்க்க முடியாது என்றேன். "பாதிக்கு மேல தாண்டிருச்சு." பாதிகூட ஆகியிருக்காது என்றேன். "தாண்டிருச்சுங்கறேன். இப்ப ரெண்டு அஞ்சு. மூணே முக்காலுக்கு இறங்குதாம்." அது சிங்கப்பூர் மணியாக இருக்கும், சரியாகப் பார் என்றேன், சொன்ன உடனே, சிங்கப்பூர் மணி இந்திய மணிக்கு முன்னே அல்லவா இருக்கும், பின்னே எப்படிப் போகும் என்று எனக்கே உறைத்தது, வாயில் சோறு இருந்தது, மென்று விழுங்க மறந்தேன். வல்லி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தாள். "நம்ம மணிக்கு மூணே முக்கால், அவங்க மணிக்கு ஆறே கால். மொத்தம் நாலே கால் மணி நேரம். எல்லாம் தமிழ்லயே போட்டிருக்கான் அண்ணி. ஏன், அஞ்சே கால்னு சொல்லிக்கிட்டிருந்தீங்களே, வழியில எங்கயாச்சும் டீ குடிக்க நிறுத்தும்னு நெனச்சீங்களா?" நான் தட்டைத் தள்ளினேன். படுக்க வேண்டும், நேரமாகிவிட்டது என்றேன். நேரம் ஆகவில்லை, இன்னும் நான்கு நிமிடம் மீதி இருந்தது.

இரண்டரை மணி நேரம். இரண்டு ஊர் மணிக்கும் உள்ள வித்தியாசம் ஒன்று இருபத்தாறு அல்ல, இரண்டு முப்பது. நூற்றைம்பது நிமிடத்தை நான்கால் வகுத்தால் முப்பத்தேழரைப் பாகை. எண்பத்திரண்டரையோடு கூட்டினால் நூற்றிருபது. அந்த ஊர் தனக்குரிய நூற்று நான்கை விட்டுவிட்டு நூற்றிருபதாம் ரேகையின் மணியை வைத்துக்கொண்டிருக்கிறது. சூரியன் உச்சிக்கு வருமுன்பே அவர்கள் மதியம் என்கிறார்கள். ஒரு கணம் அந்த ஊர்மேல் எனக்கு நியாயமான கோபம் வந்தது. யாரைக் கேட்டு இப்படிச் செய்தார்கள்? பிறகு, நானே கரும்பலகையில் எழுதியது நினைவுக்கு வந்தது: ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கேற்ப ஒரு தீர்க்கரேகையைத் தேர்ந்துகொள்கிறது. ஆண்டுதோறும் ஒன்பதாம் வகுப்பில், ஜூலை மாதத்தில், அடிக்கோடு இட்டு. எழுதினேன், அழித்தேன், கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டினேன், சிங்கப்பூர் தேர்ந்துகொண்டது எது என்று கேட்க மறந்தேன். கேட்கக்கூட வேண்டியதில்லை. பதினோரு மாதமாகத் தேன்மொழி தினமும் இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறாள், எங்கள் எட்டு மணி. எங்களுக்காக எப்போதும் எங்கள் மணியில்தான் பேசுவாள். ஒருநாள் மட்டும், இங்க பத்தரை ஆச்சும்மா, தூக்கம் வருது என்றாள். பேச்சைத் தவிர்க்க நேரத்தைக் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோது செய்வாள், படிக்க உட்கார்ந்து பத்து நிமிடத்தில் ஒரு மணி ஆச்சு என்பாள். ஒன்பது இருபத்தாறு என்று சொல், பத்தரை என்று ஏன் சொல்கிறாய் என்று அதட்டினேன்.  தூங்க வேண்டிய பிள்ளை என்னோடு வாதாட வலுவில்லாமல் போனை வைத்திருக்கிறாள்.

மூன்றே முக்காலுக்குத் தரையிறக்கம். மூன்று ஐம்பதுக்கு மாத்திரை. அதாவது எல்லாரும் எழுந்து பையை இறக்கும்போது அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பதினொன்று ஐம்பதுக்குப் போட்டது அதற்குள் வடிந்திருக்கும். கடை மூடியிருக்கும். வழக்கம்போல ஏழு, பதினொன்று, மூன்று என்று விட்டிருந்தால் ஒரு குறையும் வந்திராது. மூன்று மணி மாத்திரை மூன்றே முக்காலுக்குச் சரியாகத் திறந்திருக்கும். ஒன்றும் செய்யாமலிருந்தால் சரியாக இருந்திருக்கும் ஒன்றை நான் கணக்குப் போட்டுக் கெடுத்திருக்கிறேன். மாணவிகளில் இப்படிச் செய்பவர்களுக்கு நான் ஒரு மதிப்பெண்கூடக் கொடுத்ததில்லை. விமானத்தில் அறிவிப்பார்கள், நான்கு மணி நேரம் என்று விமானி சொல்வார், அதைக் கேட்டு அவரே முன்னால் போட்டுக்கொள்வார். போடமாட்டார். விமானியைவிட, அந்தச் சீருடைத் தொப்பிக்காரர்கள் எல்லாரையும்விட, அவர் சட்டைப் பையில் இருக்கும் காகிதம் பெரியது. அதை அப்படிப் பெரிதாக்கியது யார்? ஒவ்வொரு முறையும் சரியாக இருந்து இருந்து, அல்லது சரியாக இருந்ததாக அவரை நம்பவைத்து, நான்தான். சந்து விஷயத்தில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, நீங்கள் சொன்னது சரி என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இன்று அவர் கடிகாரத்தையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்து, மங்கை தப்பாக எழுதிவிட்டாளோ என்று சந்தேகப்படவாவது செய்வார். சந்தேகப்படப் பழக்கமில்லாத மனிதரைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

தேன்மொழியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அவள் விமான நிறுவனத்தோடு பேசுவாள், வாசலுக்கே சக்கர நாற்காலி வரும். கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாள். சொல்ல வேண்டும். சொல்லாமலும் செய்யச் சொல்லலாம். வல்லி பக்கத்திலேயே இருக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், கழுவும் ஒலி நின்றால் காது இங்கே இருக்கிறது என்று பொருள். இன்னும் நேரம் இருக்கிறது. அவருக்குத் தானாகவே கொஞ்சம் வலு இருந்துவிடலாம், சில நாட்கள் நான்கு மணி நேரம்கூடத் தாங்குகிறது, போன செவ்வாய்க்கிழமை தாங்கியது. போன செவ்வாய்க்கிழமை அவர் வீட்டில் இருந்தார். வெள்ளைப் பட்டைகள் இருந்தன. நடந்து வருபவரைத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்ன வாயாலேயே நாற்காலி கொண்டுவா என்று சொல்ல வேண்டும். நான் பெருமைக்காரி, இதை ஒரு குறையாக என்றும் நினைத்ததில்லை, நான்கு சுவர் உள்ள பள்ளியை ஒன்பது ஆண்டுகள் நிமிர்ந்து நிற்கவைத்தது அதுதான். ஆனால் விமானத்தின் விளிம்பில் பாதங்கள் ஒட்டிக்கொண்டு நிற்பது நான் அல்ல. பள்ளியில் மணி அடித்தது, இரண்டு ஐம்பது. "வல்லி" என்றேன், "தேன்மொழிக்குப் போடு." போனை முகத்துக்குக் கீழே வைத்தாள். அந்தப் பக்கம் இரைச்சல். அவள் விமான நிலையத்துக்கு வந்துகொண்டிருந்தாள். "அப்பாவுக்கு விமான வாசலுக்கே சக்கர நாற்காலி ஏற்பாடு செய். இப்போதே பேசு."  "நீங்கதானேம்மா வேண்டாம்னு அன்னிக்கு அந்தப் பேச்சு பேசினீங்க?" சொன்னதைச் செய் என்றேன். "சரிம்மா. உடனே பண்றேன். நீங்க தலையைத் தூக்காதீங்க." காரணம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வல்லி போனை எடுத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். அவளுடைய கால்விரல்கள் தெரிந்தன, மெட்டி தெரிந்தது. அவளிடமிருந்து ஒரு கேலியை எதிர்பார்த்தேன்; வந்திருந்தால் தாங்கியிருப்பேன். "காப்பி போடறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றே முக்கால். சொல்ல யாருமில்லை, ஆனால் தெரிந்தது. உடலே மணியாகிவிட்டது. சக்கரங்கள் தரையைத் தொட்டிருக்கும், அவர் முன்னிருக்கையைப் பிடித்திருப்பார், இடது கையால், வலது கை ஒத்துழைக்காது. எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். அவர் எழ முயல்கிறார். கட்டளை இடுப்பு வரை போகிறது, அதற்குக் கீழே அஞ்சல் இல்லை. முகம் ஒன்றும் காட்டாது. அந்த நோய் முகத்தையும் பூட்டிவிடும். பார்ப்பவர்களுக்கு அவர் பிடிவாதக்காரராக, அல்லது செவிடாகத் தெரிவார். சார், சார் என்று யாரோ கூப்பிடுகிறார்கள். மூன்று ஐம்பது. காகிதத்தை எடுக்கிறார். மஞ்சள் மாத்திரை விரல்களுக்கிடையே நடுங்குகிறது. கீழே விழுந்துவிட்டால் இருக்கைக்கு அடியில் தேட அவரால் முடியாது. என் கை கட்டிலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் விரல்களைத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டேன், ஆடாமல் பிடித்துக்கொள்வது போல. இது மடத்தனம். ஆனால் எடுக்கவில்லை. பள்ளி விட்டுப் பிள்ளைகள் இரைந்துகொண்டு போனார்கள். காப்பி ஆறியது. இடது கண்ணில் குமிழி அசையாமல் நின்றது. நான் மூச்சுவிட மறந்திருந்தேன் போலும்.

நான்கு நாற்பதுக்கு வல்லி ஓடி வந்தாள். ஓடுகிற உடல் அல்ல அவளுடையது. போனைத் தரையில் மல்லாத்தி வைத்தாள். முதலில் ஒரு கூரை தெரிந்தது, விளக்குகள், பிறகு தேன்மொழியின் காது, பிறகு அவர். மொசைக் தரையிலிருந்து என்னை அண்ணாந்து பார்த்தார். "என்ன, மேலேருந்து பாக்கிறே?" என்றார். குரல் மெல்லியதாக இருந்தது, ஆனால் சொற்கள் ஒட்டாமல் வந்தன, கடை திறந்துவிட்டது. தேன்மொழி இடையில் புகுந்தாள். "அம்மா, இவருக்கு மாத்திரை போட மறந்துபோச்சாம். சீட்லேருந்து எழுந்திரிக்கவே முடியலையாம். எல்லாரும் இறங்கி முடிச்சு, ரெண்டு பேர் தூக்கி நாற்காலியில உக்கார வெச்சாங்களாம். நல்லவேளை நீங்க சொன்னீங்க. உங்களுக்கு எப்படிம்மா தோணிச்சு?" அவர் சிரிக்க முயன்றார். "ஜன்னல்ல பராக்குப் பாத்துட்டிருந்துட்டேன். முதல் தடவையில்ல. ஆனா கடைசிக் கதவுலேருந்து இவ நிக்கிற இடம் வரைக்கும் நடந்தேன், நாப்பது காலடி. வேணும்னா இவளைக் கேளு." "நான் வேண்டாம் வேண்டாம்னேன், கேக்கலைம்மா, எழுந்திரிச்சு நடந்து வந்தார்" என்றாள் அவள்; அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. எப்படித் தோன்றியது என்ற கேள்வி தரையிலேயே கிடந்தது. வல்லிக்கு விடை தெரியும். என் வாழ்நாளில் முதல்முறையாக அவள் வாயைத் திறக்கவில்லை. மூன்று பேரும் எனக்காக வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அந்த வழியே போய்விடுவது மிகவும் எளிது.

"அப்பா மறக்கவில்லை" என்றேன். "சீட்டில் எழுதியிருந்த நேரம் தவறு. நான் கணக்கைத் தப்பாகப் போட்டேன். ஒரு மணி நேரம் கூடுதலாக." கட்டிலுக்குப் பின்னால் வல்லி மூச்சை உள்ளே இழுத்தாள். தேன்மொழி, "என்னம்மா?" என்றாள், கேட்காதவள் போல. அவர் மட்டும் கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார். எப்போது தெரியும் என்றேன். "ஏறி உக்காந்ததுமே அந்த விமானத்துப் பொண்ணு சொல்லிச்சு, நாலு மணி நேரம்னு. ரெண்டு தடவை சொல்லிச்சு." பின் ஏன் முன்னாலேயே போட்டுக்கொள்ளவில்லை என்றேன்; அதட்டலாகத்தான் வந்தது.  "நீ எழுதியிருந்தே. உனக்குத் தெரிஞ்சது ஏதோ அவங்களுக்குத் தெரியலைன்னு நெனச்சேன்." எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவருடைய முகம் என் முகத்திலிருந்து ஓரடி தூரத்தில் இருந்தது, சங்கிலி போட்டு அளந்தாலும் ஓரடிதான். "இனிமேல் நான் எழுதிக் கொடுப்பதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டாம்" என்றேன். "சரி" என்றார். "அதையும் ஒரு சீட்டுல எழுதிக் கொடு." தேன்மொழி சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை, சிரித்தால் தலை ஆடும். அடுத்த மாத்திரைக்கு எங்கள் மணியில் ஏழு ஐம்பது. அதை அவர்கள் மணிக்கு மாற்ற வேண்டும். இரண்டு முறை உதட்டில் வந்த கூட்டலை விழுங்கினேன். "வல்லி" என்றேன், "நமக்கு ஏழு ஐம்பது என்றால் அங்கே எத்தனை மணி, போனைப் பார்த்துச் சொல்." வல்லி பார்த்தாள், பத்து இருபது என்றாள். நான் சரிபார்க்கவில்லை.